இரண்டடி தொட்டி, கரியமில வாயு சிலிண்டர் இல்லை: நம் சிங்கப்பூர்ச் சூட்டில் செடி வருமா?

செங்காங் புதுசு

எல்லாருக்கும் வணக்கம். வரவேற்பறையில் மீன்தொட்டி வைப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. 60க்கு 30க்கு 36 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டி, பின்பக்கம் மாட்டுகிற ஃபில்டர், எல்இடி விளக்கு மூன்றும் வாங்கியாயிற்று. எனக்கு மீனைவிடச் செடிதான் முக்கியம். பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டும், அதற்குள் நாலு மீன் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சிலிண்டர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் என்று போக விருப்பமில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. பராமரிப்புக்கு வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஏர்கான் இரவில் படுக்கையறையில் மட்டும்தான். வரவேற்பறை மதியத்தில் 31 டிகிரி வரை போகிறது.

கடைகளில் கேட்டால் ஒருவர் விலை கூடிய மண் கட்டாயம் வேண்டும் என்கிறார், அடுத்தவர் வெறும் மணலே போதும் என்கிறார். இன்னொருவர் இன்றைக்கே மீனை விடலாம் என்கிறார். எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ஆழ்வேர்

வாங்க தம்பி. மண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் விளக்கைப் பற்றிப் பேசுவோம். சிலிண்டர் இல்லாத தொட்டியில் வெற்றியும் தோல்வியும் அங்கேதான்.

செடிக்கு ஒளி வேண்டும், கரியமில வாயு வேண்டும், சத்து வேண்டும். சிலிண்டர் வைத்த தொட்டியில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு வாயுவைக் கரைத்து வைப்பார்கள். நம் தொட்டியில் இரண்டு மூன்று மில்லிகிராம் இருந்தால் அதிகம். அதுவும் தண்ணீருக்குள் அந்த வாயு பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாக. இலையை ஒட்டி இருக்கும் வாயு தீர்ந்துவிட்டால் அடுத்தது வந்து சேர நேரமாகும். இந்த நிலையில் விளக்கைப் பிரகாசமாக வைத்துப் பத்து மணி நேரம் எரியவிட்டால் என்ன ஆகும்? செடி பசியோடு நிற்கும். ஒளியும் சத்தும் மிஞ்சும். மிஞ்சியதைப் பாசி தின்று கண்ணாடி முழுக்கப் படரும். பலர் உரத்தைக் குறை சொல்வார்கள், மீன் உணவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் விளக்குதான்.

அதனால் ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும். செடி வேர் பிடித்துப் புது இலை விடத் தொடங்கியதும் ஏழு, எட்டு என்று ஏற்றலாம். எட்டைத் தாண்ட வேண்டாம். விளக்கில் அளவு குறைக்கும் வசதி இருந்தால் பாதியில் வையுங்கள். மாலையில் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொண்டால் பார்த்து ரசிக்கவும் முடியும். சன்னல் வெயில் நேராகப் படும் இடம் வேண்டவே வேண்டாம். நம் ஊர் மேற்கு வெயில் சுவரையே சுட வைக்கும்.

இரண்டாவது, செடியை முதல் நாளே நிறையப் போட வேண்டும். இரண்டு செடி வைத்துவிட்டு வளரட்டும் என்று காத்திருப்பதுதான் பாசிக்குக் கதவைத் திறந்துவிடுவது. தரையில் முக்கால் பங்காவது செடி மூடியிருக்க வேண்டும். கூடவே வேகமாக வளரும் மலிவான செடி கொஞ்சம்: ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட், ஹைக்ரோஃபிலா. பார்க்க அப்படி ஒன்றும் அழகில்லை, ஆனால் தொடக்கத்தில் தண்ணீரில் சேரும் அமோனியாவை இவைதான் உறிஞ்சும். தொட்டி நிலைத்த பிறகு எடுத்துவிடலாம்.

மேலே மிதக்கும் செடி ஒன்று கட்டாயம். சால்வினியாவோ ஃப்ராக்பிட்டோ. அதன் இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. சிலிண்டர் இல்லாத தொட்டியில் முழு வேகத்தில் வளர்வது அது ஒன்றுதான். மிஞ்சிய சத்தை இழுக்கும், கீழே நிழலும் தரும். பாதிப் பரப்புக்கு மேல் மூடவிடாமல் வாரம் ஒருமுறை கையால் அள்ளி எடுத்துவிட்டால் போதும்.

நிரந்தரச் செடி என்றால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகொரைன் வென்ட்டி. பின்பக்கத்துக்கு வாலிஸ்நேரியா. இவை எல்லாம் குறைந்த ஒளியில் வாழும், நம் சூட்டையும் தாங்கும். கொஞ்சம் பழகிய பிறகு போர்னியோவிலிருந்து வரும் புசெஃபலாண்ட்ராவும் வைக்கலாம். தரையில் புல் மாதிரி விரிக்கும் செடிகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை சிலிண்டர் தொட்டிக்கு உரியவை.

சிராங்கூன் நார்த் அவென்யூ 1-இல் மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை போய் நிதானமாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர்வாளி

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் குழாய்த் தண்ணீர் மென்னீர், அதாவது சுண்ணாம்பு குறைந்த தண்ணீர். மேலே சொன்ன செடிகளுக்கும் சின்ன மீன்களுக்கும் நல்ல தண்ணீர். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்துவது குளோரமின். அது மீனின் செவுளைத் தாக்கும், ஃபில்டரில் குடியிருக்கும் நுண்ணுயிரையும் கொல்லும். எனவே தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும். சீக்கெம் பிரைம் மாதிரி, குளோரமினை உடைத்து அதிலிருந்து வெளிப்படும் அமோனியாவையும் தற்காலிகமாகக் கட்டி வைக்கும் மருந்தாக இருக்கட்டும். புட்டியில் எழுதிய அளவே போதும்.

மதுரைக்காரர்

ஊரில் நாங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துவிட்டு அப்படியே ஊற்றுவோமே? ஒன்றும் ஆனதில்லை.

தண்ணீர்வாளி

அது குளோரின் கலந்த தண்ணீராக இருந்திருக்கும் சகோ. குளோரின் வாயு, திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது, நாள்கணக்கில் நிற்கும். இங்கே வாளி முறை செல்லாது.

இறால் வீடு

மண் விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். நல்ல அக்வாசாயில், அதாவது தொட்டிச் செடிக்கென்றே செய்த சத்து மண் போடுங்கள். சத்து உள்ளேயே இருக்கிறது, பி.எச். அளவைக் கொஞ்சம் இறக்கி வைக்கும், வேர் பிடிக்க மிருதுவாக இருக்கும். சிலிண்டரும் இல்லை, மண்ணும் இல்லை என்றால் செடி எதைத் தின்னும்? தொடக்கத்தில் செலவு செய்துவிட்டால் ஓராண்டுக்கு உரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆழ்வேர்

இறால் வளர்ப்பவருக்கு அது சரியான பேச்சு. முதல் தொட்டி வைக்கும் தம்பிக்கு அது வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில், அவர் வைக்கப்போகும் செடிகளில் பாதி மண்ணில் ஊன்றுபவையே அல்ல. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ் மூன்றும் கட்டையிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. அனுபியாஸை வாங்கியதும் கையில் வைத்துப் பாருங்கள்: விரல் தடிமனில் பச்சையாக ஒரு தண்டு படுத்திருக்கும், அதன் மேல்பக்கம் இலையும் கீழ்ப்பக்கம் வேரும் இருக்கும். அந்தத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். தையல் நூலால் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினால் போதும், சில மாதத்தில் வேர் தானே பற்றிக்கொள்ளும். வேருக்குக் கீழே என்ன மண் இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது, சத்து நிறைந்த புது மண் தொடக்கத்தில் அமோனியாவை விடும். அனுபவமுள்ளவர் அதைத் தண்ணீர் மாற்றியே சமாளித்துவிடுவார். முதல் மாதம் அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். தம்பிக்கோ வாரம் ஒரு மணி நேரம்தான். மூன்றாவது, ஒருமுறை நட்ட செடியை இடம் மாற்றிப் பார்க்க ஆசை வரும், எல்லாருக்கும் வரும். பிடுங்கினால் மண் கலங்கும்.

கழுவிய மெல்லிய சரளை, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர், ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடட்டும். வேர் வழியாகச் சாப்பிடும் கிரிப்டோகொரைனுக்கும் வாலிஸ்நேரியாவுக்கும் அடியில் வேர் மாத்திரை புதைக்கட்டும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. மற்றவற்றுக்குத் திரவ உரம், போட்டிருக்கும் அளவில் பாதி, வாரம் ஒருமுறை. செலவும் குறைவு, கைக்கும் அடங்கும்.

இறால் வீடு

கட்டையில் ஒட்டும் செடிகளுக்கு நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கிரிப்டோகொரைன் காட்டையே வளர்க்க ஆசைப்பட்டால் மண்ணில் வரும் செழிப்பு சரளையில் வராது, அதில் நான் பின்வாங்க மாட்டேன். இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: எந்தக் கல்லை வாங்கினாலும் கேட்டு வாங்குங்கள். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடும் செய்ரியூ கல் அழகாக இருக்கும், ஆனால் சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் கடினமாகும். டிராகன் கல் கரையாது.

செங்காங் புதுசு

நன்றி அண்ணே, நன்றி எல்லாருக்கும். சரளை, வேர் மாத்திரை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். மீனை எப்போது விடலாம்? ஒரு மாதம் மீன் இல்லாமல் தொட்டியை வைத்தால் கொசு முட்டையிடாதா? எங்கள் பேட்டையில் இப்போது டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்குகிறது.

ஈசூன் அக்கா

நல்ல கேள்வி தம்பி, இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை.

மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், அடுத்த வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியைச் செடி தின்றுவிடும். அந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரில் போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் சூட்டில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையாகும் என்பதால் அவசரம் கூடாது. தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு வாருங்கள், அது அழுகி நுண்ணுயிருக்கு இரை கொடுக்கும். சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் சுழியம் காட்டினால் மீன் விடலாம். நாள்காட்டியை நம்ப வேண்டாம், சோதனையை நம்புங்கள்.

நிலைத்த தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவர் ஃபில்டரில் ஊறிய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் போடுங்கள். காத்திருக்கும் காலம் பாதியாகக் குறையும்.

கொசுவுக்கு வருவோம். நம் தட்பவெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அது தேடுவது அசையாத தண்ணீர். ஃபில்டரின் தண்ணீர் விழும் இடத்தில் மேற்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டே இருக்கும்படி வையுங்கள், தொட்டியை மூடியால் மூடுங்கள். உண்மையான ஆபத்து தொட்டி அல்ல, தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வாளி. செடியை ஊறவைக்கிறேன், மரக்கட்டையை ஊறவைக்கிறேன் என்று குளியலறையிலோ வெளித் தாழ்வாரத்திலோ நாள்கணக்கில் நிற்கும் வாளியில்தான் புழு நெளியும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்தாலும் பார்ப்பது அதைத்தான். ஒன்று விட்டு ஒரு நாள் அந்தத் தண்ணீரைக் கொட்டி, வாளியின் உட்புறத்தைத் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

இன்னொன்று, இதை எல்லாரும் வாசிக்க வேண்டும். பேட்டையில் புகை மருந்து அடிக்கும் நாளை மின்தூக்கித் தளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அந்தப் புகையில் இருக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து மனிதருக்கு லேசானது, மீனுக்குக் கொடியது, இறாலுக்கு அதைவிடக் கொடியது. அன்றைக்குச் சன்னலை எல்லாம் அடைத்துவிடுங்கள். தொட்டியின் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுங்கள். காற்றுப் பம்பு இருந்தால் அதை நிறுத்தியே ஆக வேண்டும், ஏனென்றால் அது அறைக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஃபில்டர் ஓடட்டும். புகை முழுதும் கலைந்த பிறகு திறக்கலாம். வீட்டுக்குள் கரப்பான் மருந்து அடிப்பதற்கும் இதே விதிதான்.

பொங்கோல் பச்சை

சூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவுக்கு உயிர்வளியைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.6 தான். சூட்டில் மீனுக்கு மூச்சு வேகமாகும், கிடைப்பதோ குறைவு. இரவில் செடியும் உயிர்வளியை எடுக்கும். அதனால்தான் இங்கே விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து நிற்பதைப் பார்க்கிறோம். தீர்வு எளிது: மீன் குறைவாக, மேற்பரப்பு அலைந்தபடி. மேலே மாட்டுகிற சின்ன விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு டிகிரி இறங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் வேகமாக வற்றும், மருந்து கலந்த தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

செங்காங் புதுசு

தொட்டி வைத்தாயிற்று. சரளை, ஒரு மரக்கட்டை, அதில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். முன்னால் கிரிப்டோகொரைன், பின்னால் வாலிஸ்நேரியாவும் ஹைக்ரோஃபிலாவும், மேலே சால்வினியா. விளக்கு ஆறு மணி நேரம்.

இப்போது கவலை. கிரிப்டோகொரைன் இலை எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைகிறது. ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள். மரக்கட்டையில் வெள்ளையாகச் சளி போல ஒன்று. கண்ணாடியில் பழுப்புத் தூசு. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா?

ஆழ்வேர்

எதையும் பிடுங்காதீர்கள் தம்பி. நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூட நோய் இல்லை.

கிரிப்டோகொரைன் இடம் மாறினாலே இலையை உதிர்க்கும். கடைக்கு வரும் செடி பெரும்பாலும் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தது. அந்த இலை தண்ணீருக்குள் வாழத் தெரியாத இலை. கரைந்த இலையை அடியோடு கத்தரித்து எடுத்துவிடுங்கள், அழுகினால் அமோனியா. சரளைக்குள் விரலை விட்டு லேசாகத் தொட்டுப் பாருங்கள்: வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. சில வாரத்தில் நடுவிலிருந்து சுருண்ட இலை ஒன்று எழும், பழைய இலையைவிட ஒல்லியாக, நிறம் மாறி. அதுதான் உங்கள் தொட்டிக்குச் சொந்தமான முதல் இலை. அதற்குள் பொறுமை இழந்து பிடுங்கி வேறிடத்தில் நட்டால் மறுபடியும் முதலிலிருந்து கரையும்.

ஜாவா ஃபெர்ன் பன்னச் செடி வகை. இலைக்கு அடியில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளி விதைத்துகள் பை. ஒழுங்கான வரிசையில், தடவினால் மேடாக இருந்தால் அதுவேதான். கொஞ்ச நாளில் இலை நுனியிலும் விளிம்பிலும் குட்டிச் செடி முளைத்துத் தொங்கும், அதைக் கிள்ளி வேறு கல்லில் கட்டிக்கொள்ளலாம். ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளாகிக்கொண்டே போனால் மட்டும் உரத்தைப் பார்ப்போம்.

மரக்கட்டையின் வெள்ளைச் சளி பூஞ்சையும் நுண்ணுயிரும். கட்டையில் இருக்கும் சர்க்கரை தீர்ந்ததும் தானே போய்விடும். இறால் வந்தால் ஒரே நாளில் மேய்ந்துவிடும். கண்ணாடித் தூசு டயட்டம் என்ற பழுப்புப் பாசி, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும். துடைத்துவிட்டு வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். உங்கள் அளவுக்கு இரண்டு வாளிக்கும் குறைவுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீலம் கலந்த பச்சையாகத் தோல் மாதிரி படர்ந்து, கையில் எடுத்தால் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே சொல்லுங்கள். அது வேறு விஷயம்.

செங்காங் புதுசு

மனசு லேசானது அண்ணே. வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. புள்ளியும் வரிசையாகத்தான் இருக்கிறது. அமோனியா சுழியம் வந்துவிட்டது, நைட்ரைட் இன்னும் லேசாகக் காட்டுகிறது. என்ன மீன் விடலாம் என்று இப்போதே யோசித்து வைக்கலாம் என்று பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு நியான் டெட்ரா ஆசை.

பொங்கோல் பச்சை

30 டிகிரிக்கு நியான் டெட்ரா கஷ்டப்படும். அதே மாதிரி சிவப்பு நீலக் கோட்டோடு கார்டினல் டெட்ரா இருக்கிறது, அது வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து வருவது, நம் ஊருக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது. முதலில் ஐந்தாறு, இரண்டு வாரம் கழித்து மீதி.

ஈசூன் அக்கா

நான் ஹார்லிகுவின் ராஸ்போராவைச் சொல்வேன். செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம். நம் நீ சூன் சதுப்புநிலக் காட்டின் ஓடைகளில் இன்றைக்கும் இயற்கையாக வாழும் மீன் அது. இந்தச் சூட்டையும் மென்னீரையும் அதற்குப் பழக்க வேண்டியதே இல்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும். எட்டு மீன் கூட்டமாக விட்டால் செடிக்கு நடுவே சேர்ந்தே திரும்பும், பிள்ளைகளிடம் இது நம் நாட்டு மீன் என்று சொல்லிக் காட்டலாம். கிரிப்டோகொரைனிலும் நமக்குச் சொந்தமானது உண்டு. புக்கிட் தீமாவின் பெயரையே தாங்கிய திமாஹென்சிஸ் என்ற கலப்பினம். அதை வளர்க்க முடியாது, பாதுகாக்கப்பட்ட செடி. ஆனால் உங்கள் வென்ட்டிக்கு அது உறவு என்று தெரிந்துகொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

இறால் வீடு

இறால் என்றால் செர்ரி இறால் வகை மட்டும். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கிரிஸ்டல் இறால் சில்லர் இல்லாமல் இங்கே நிற்காது. புதுச் செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம், அதனால் செடி வாங்கிச் சில வாரமும் பல தண்ணீர் மாற்றமும் ஆன பிறகு இறாலை விடுங்கள். செம்பு இறாலுக்கு ஆகாது, உரத்தில் அது எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

செங்காங் புதுசு

ஹார்லிகுவின்தான், முடிவாகிவிட்டது அக்கா. கடைசியாக ஒன்று. சால்வினியா வாரம் ஒரு கை நிறைய வருகிறது, ஹைக்ரோஃபிலாவும் வெட்ட வெட்ட வளர்கிறது. குட்டி நத்தை நாலைந்தும் கண்ணில் பட்டது. இதை எல்லாம் என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னால் பொங்கோல் நீர்த்தேக்கம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் அங்கே போடச் சொல்கிறார்.

ஆழ்வேர்

கூடவே கூடாது. நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ செடி, மீன், நத்தை எதையும் விடக்கூடாது, அது சட்டப்படி குற்றம். சால்வினியா ஒரு குளத்தில் இறங்கினால் மேற்பரப்பையே மூடிவிடும், கீழே இருக்கும் உயிர்களுக்கு ஒளியும் இல்லை, உயிர்வளியும் இல்லை. அக்கா சொன்ன ராஸ்போரா மாதிரி மீன்களுக்கு இந்தத் தீவில் மிஞ்சியிருக்கும் ஓடை கொஞ்சம்தான். கழிப்பறையிலும் போட வேண்டாம்.

வெட்டிய செடியைப் பழைய நாளிதழில் விரித்து நன்றாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பூந்தொட்டி இருந்தால் உரமாகவும் போடலாம். நத்தையை விட்டுவைக்கலாம், பாசியையும் மிஞ்சிய உணவையும் தின்னும். அளவுக்கு மேல் பெருகினால் நீங்கள் உணவு அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், உணவைக் குறைத்தால் அதுவும் குறையும்.

நல்ல கிளைகளாக இருந்தால் எறிய வேண்டாம், இந்த இழையிலேயே சொல்லுங்கள். ஹைக்ரோஃபிலா கேட்டு இரண்டு பேர் எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள், இருவரும் செங்காங் பக்கம்தான்.

மதுரைக்காரர்

அதில் ஒருவன் நான்தான். காம்பஸ்வேல் பக்கம் இருக்கிறேன், சனிக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொள்ளலாமா? பிரைம் புட்டியும் வாங்கிவிட்டேன்.

செங்காங் புதுசு

தாராளமாக வாங்க. ஆறு மணிக்கு மேல் விளக்கு எரியும், அப்போது வந்தால் தொட்டியையும் பார்க்கலாம். ஈரத் தாளில் சுற்றிப் பையில் போட்டு வைக்கிறேன்.